பழைய ஈஸ்ட் வேலை செய்யுமா என்று கேட்டாய்

மகனே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்து ஒன்பது நாள் ஆகிறது. நான் பார்த்துவிட்டேன் என்று உன் போனில் தெரிந்திருக்கும். பார்த்தும் பதில் போடவில்லையே, அப்பாவுக்குக் கோபமோ என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். கோபமில்லை. நாலு ஈஸ்ட் பாக்கெட்டைக் கட்டிலில் வரிசையாக வைத்துப் படம் பிடித்து, "அப்பா, முன்னாடி ரூம்ல இருந்தவங்க விட்டுட்டுப் போனது. டேட் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. வேலை செய்யுமா? நீங்க சவுதில பீர் போட்டிருக்கீங்கன்னு சித்தப்பா சொன்னாரு" என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அந்தப் பொம்மையைத்தான் ஒன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை செய்யாது, குப்பையில் போடு என்று ஒரு வரி தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். நீயும் போட்டிருப்பாய். ஆனால் அது பொய். பழைய ஈஸ்ட் வேலை செய்யும். நாம் நினைக்கிற நேரத்தில் செய்யாது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே சொன்ன பொய்களே போதும், இன்னொன்றைச் சேர்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன் ரூமில் இருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். மறைக்க வேண்டாம். மறைத்தது போதும்.

குடிக்காதே என்று பிரசங்கம் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கத்தாரில் அந்த ராஸ் லஃபானில் உன் கேம்ப் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லாக் கேம்பும் ஒன்றுதான். டியூட்டி, பஸ், வரிசையில் நின்று சோறு, கட்டில். வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரும், அதை என்ன செய்வதென்று தெரியாது. ரியாத்துக்கு வெளியே இருந்த எங்கள் கேம்பிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்தா கடைத்தெருவுக்கு ஒரு வண்டி போகும். அங்கே போய் ஊர்க்காரன் முகம் நாலு பார்த்து, ஒரு டீ குடித்து, போன் கார்டு வாங்கிக்கொண்டு திரும்புவோம். மிச்ச நேரமெல்லாம் சுவரைப் பார்ப்பதுதான். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் துரையும் அந்தக் காரியத்தில் இறங்கினோம்.

எந்தத் துரை என்று யோசிக்காதே. உன் துரை மாமாதான். ஒற்றைக்கண் துரை மாமா. அவன் வெல்டர், நான் பைப் ஃபிட்டர். ஒரே ஊர்ப்பக்கம், ஒரே விமானத்தில் போனோம், ஒரே ரூமில் ஆறு வருஷம் கிடந்தோம். ரூமில் எங்களோடு இருந்த இரண்டு பேரும் நைட் ஷிஃப்ட். அதனால் சாயங்காலமெல்லாம் ரூம் எங்கள் இருவர் கையில்.

பக்கத்து ரூமில் இருந்த இலங்கைக்காரர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். போதையில்லாத மால்ட் பானம் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதைத் தண்ணீர் கேனில் ஊற்றி, சீனி கரைத்து, ரொட்டிக்குப் போடுகிற உலர்ந்த ஈஸ்ட்டைத் தூவி, மூடியில் ஒரு குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைத் தண்ணீர்க் குவளையில் விட்டுவிடுவது. ஈஸ்ட் சீனியைத் தின்னத் தொடங்கினால் குவளையில் குமிழி வரும். குமிழி நின்றால் சீனி தீர்ந்தது என்று கணக்கு. பிறகு கம்பி மூடி போட்ட ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி, பாட்டிலுக்கு ஒரு சின்னக் கரண்டி சீனி போட்டு மூடி வைத்தால் உள்ளேயே கொஞ்சம் காற்று ஏறி, திறக்கும்போது நுரை வரும். அதைப் பீர் என்று சொன்னால் பீருக்கே கோபம் வரும். ஆனாலும் அந்த நுரை பொங்கும்போது துரை சிரிக்கிற சிரிப்புக்காகவே குடிக்கலாம்.

ஈஸ்ட்டை அடிக்கடி வாங்க எங்களுக்குப் பயம். ரொட்டி சுடாத இரண்டு ஆம்பளைகளுக்கு மாதாமாதம் எதற்கு இத்தனை ஈஸ்ட் என்று கடைக்காரன் ஒரு நாள் பார்வையாலேயே கேட்டுவிட்டான். அன்றிலிருந்து கிடைக்கும்போது நாலைந்தாக வாங்கிப் பதுக்கி வைப்போம். கிச்சனில் அடுப்புக்கு மேலே இருந்த பரணில் கிடக்கும். கோடையில் அந்தப் பரணில் கை வைக்க முடியாது. அப்படி வெந்து கிடந்த ஈஸ்ட்டில் பாதி செத்திருக்கும். அதனால் துரை ஒவ்வொரு முறையும் பரீட்சை வைப்பான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனி போட்டு, ஈஸ்ட்டைத் தூவி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். கால் மணி நேரத்தில் நுரைத்து எழுந்தால் உயிருண்டு. எழவில்லையென்றால் அப்படியே சிங்க்கில் கொட்டிவிடுவான்.

"என்ன வே, ஈஸ்ட்டுக்கு இன்டர்வியூவா?" என்று கேலி செய்வேன்.

"ஏல, செத்தத வச்சிக்கிட்டு என்ன செய்ய? தெரிஞ்சிக்கிட்டு போடுதது நல்லதுலா" என்பான். அவன் வேலையிலும் அப்படித்தான். ஒரு வெல்டைத் தட்டிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போக மாட்டான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஜூன் மாதம். துரைக்கு ஓவர்டைம். நான் ரூமில் தனியாக இருந்தேன். மால்ட்டையும் சீனியையும் கரைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய பாக்கெட் ஒன்றைப் பிரித்து அப்படியே கொட்டினேன். பரீட்சை கிடையாது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. குவளையில் ஒரு குமிழி இல்லை. நாலாம் நாள் துரை கேனை முகர்ந்து பார்த்தான்.

"ஈஸ்ட் செத்துட்டு மாப்ள. கழுவி ஊத்திருவோம். நல்ல பாக்கெட்டா வாங்கி புதுசா போடுவோம்" என்றான். "டெஸ்ட் பண்ணித்தான போட்ட?" என்றும் கேட்டான்.

"பண்ணாமயா?" என்றேன்.

பார், அங்கேதான் ஆரம்பித்தது. ஒரே வார்த்தை. அவன் நம்பினான். நம்பாமலிருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

கொட்டிவிட்டால் நான் தோற்றதாகிவிடும் என்று எனக்குப் பட்டது. யாரிடம் தோற்றேன், எதில் தோற்றேன் என்று கேட்காதே. அடுத்த நாள் அவன் டியூட்டிக்குப் போனதும், பரணில் மிச்சமிருந்த மூன்று பழைய பாக்கெட்டையும் கேனில் கொட்டினேன். போதாததற்கு அரைக் கிலோ சீனியும் போட்டேன். இதை அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் வந்தபோது குவளையில் குமிழி வந்துகொண்டிருந்தது. "ஏல, பொழச்சிக்கிட்டுல!" என்று என் முதுகில் தட்டினான். கெட்டிக்காரன் மாதிரி சிரித்தேன்.

ஆறு நாளில் குமிழி நின்றது. அது சீனி தீர்ந்து நிற்கவில்லை. அந்தப் பழைய ஈஸ்ட்டில் உயிரோடு இருந்தது கொஞ்சம், அதுவும் சோர்ந்து போயிருந்தது. ரூமில் ஏசி வேறு குளிராக ஓடிக்கொண்டிருந்தது. அது தூங்கப் போய்விட்டது. துரை ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"இனிக்குதுல. இவ்வளவு இனிக்காதே?"

எனக்குத் தெரியும் ஏன் இனிக்கிறது என்று. நான் போட்ட அரைக் கிலோ அதற்குள் அப்படியே கிடக்கிறது என்று தெரியும். "நல்லதுதான வே. கசப்பு இல்லாம இருக்கும்" என்றேன். அவன் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்து ஊற்றினான். வழக்கம் போலக் கரண்டியை எடுத்து ஒவ்வொரு பாட்டிலிலும் சீனி போட்டான். பதினாலு பாட்டில். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும், இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "வேண்டாம்ல, நான் ஏற்கெனவே போட்டுட்டேன்." நாலு வார்த்தைதான் மகனே. சொன்னால் டெஸ்ட் பண்ணாததும் வெளியே வரும், அவன் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்வான். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரக் கிண்டலுக்காக.

பாட்டில்களை அவன் இரும்பு அலமாரியில் துணிகளுக்கு அடியில் அடுக்கினோம். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பிளாக்கில் ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவான் என்றார்கள். ஜூன் மாத ரியாத்தில் ஏசி இல்லாத ரூம் எப்படி இருக்கும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அந்தச் சூட்டில் அலமாரிக்குள் அது விழித்துக்கொண்டது. சாயங்காலம் பத்தாவுக்குப் போகலாம் என்று துரை குளித்துவிட்டு, துண்டோடு வந்து, சட்டை எடுக்க அலமாரியைத் திறந்து குனிந்தான். வெளியே பிற்பகல் மூன்றேகால் மணி அசர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெடித்த சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். அவன் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "ஏல, கண்ணு. ஏல, கண்ணு" என்று மட்டும் சொன்னான். விரல் இடுக்கில் ரத்தம். ரூம் முழுக்கக் கண்ணாடியும் சாராய வாடையும்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆயிற்று.

அவன் "ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுல" என்றான். நான், "இரு, அரை மணி நேரம் பொறு, ரூம கழுவிருவோம்" என்றேன். பிடித்தால் ஜெயில், அடி, அப்புறம் ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உன் முகமும் அம்மா முகமும்தான் கண் முன்னால் வந்தன என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சுத்தப் பொய். என் முகம்தான் வந்தது. அவன் கண்ணில் ஒரு ஈரத் துண்டை வைத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். மிச்சப் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய்த் திறந்து கொட்டினேன். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். தரையை டெட்டால் போட்டு மூன்று தடவை கழுவினேன். அவன் உடம்பைத் துடைத்து, வேறு சட்டை மாட்டி, அத்தர் தெளித்தேன். கண்ணாடித்துண்டு கண்ணுக்குள் கிடக்கிற ஒரு மனுஷனுக்கு நான் அத்தர் தெளித்தேன். அவன் நடுவில் இரண்டு தடவை, "ஏல, முடிஞ்சிட்டா?" என்று கேட்டான். சிறுபிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். வண்டி கேம்ப் கேட்டைத் தாண்டும்போது பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டது. அரை மணி நேரம் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ட்யூப் லைட் மாற்றும்போது உடைந்துவிட்டது என்றேன். துரை தலையசைத்தான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்னா தேர் க்யூன், பாய்?" ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். "காடி நஹி மிலா" என்றேன். வண்டி கிடைக்கவில்லையாம். அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு எழுதத் தொடங்கினார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இன்று வரைக்கும் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

ஒற்றைக்கண் வெல்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அடிபட்டது டியூட்டி நேரமும் இல்லை. "கலாஸ்" என்று ஒரு வார்த்தையில் முடித்து, இரண்டு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். நீ படித்த படிப்பு அந்த ஒன்பது வருஷத்தில் வந்தது.

ஊரில் சொன்ன கதை உனக்குத் தெரியும். சைட்டில் கிரைண்டர் பொறி தெறித்துவிட்டது. நான்தான் கட்டினேன் அந்தக் கதையை. வெளியே தெரிந்தால் கேவலம் என்று துரையும் ஒத்துக்கொண்டான். கட்டியதோடு நின்றேனா? நீ பள்ளிக்கூடத்துச் சைக்கிளை ரிப்பேர் செய்யச் சுத்தியலை எடுத்தாலும், தீபாவளிக்கு வெடியை எடுத்தாலும், "கண்ணாடி போடாம வேலை செஞ்சா துரை மாமா மாதிரிதான்" என்று உன்னை மிரட்டியிருக்கிறேன். கவனம் இல்லாத மனுஷனுக்கு உதாரணமாக அவனைக் காட்டி உன்னை வளர்த்திருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் வந்து ஒரு சேஃப்டி கண்ணாடியை உன் கையில் வைத்து, "கழட்டாத மக்கா, என்ன" என்று சொன்னானே, நீ குனிந்து அவன் காலைத் தொட்டாயே, அப்போது நான் உன் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உன் சித்தப்பா மகன் உன் பைக்கைக் கேட்டபோது, பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தாய். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. "கஞ்சப்பயல்னு நினைச்சிருவான்னு சொல்லல" என்றாய். அன்று உன்னை அடித்த அடி, அம்மாவே குறுக்கே வந்து கையைப் பிடித்த அடி, அந்தச் சிராய்ப்புக்காக இல்லை. நீ என்னைப் போலவே இருந்தாய். அதற்காக அடித்தேன். அடித்தால் போகிற விஷயமா அது? இப்போதும் நீ அந்த நாலு பாக்கெட்டையும் கேனில் கொட்டத்தான் போகிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்பா பரீட்சை வைக்காமல் போட்டார், நான் வைத்துப் போடுகிறேன் என்று நீ நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். உன்னைத் தடுக்க என் கையில் ஒன்றுமில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து எழுதுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் படம் வந்த நாலாம் நாள் துரை வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தத்தை வைத்து, "வா மாப்ள" என்றான். மற்றக் கண்ணிலும் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். ஒரு கண்ணிலேயே இத்தனை வருஷம் எல்லா வேலையும் பார்த்தது, அதற்கும் வயசாகுதில்ல என்று அவனே சொல்லிச் சிரித்தான். நான் மெதுவாக ரியாத் பேச்சை எடுத்தேன். "துரை, அன்னைக்கு அந்த பாட்டில்..." என்று தொடங்கினேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"அத எதுக்கு இப்ப? எங் கைதான போட்டுது சீனிய. நாக்குல வச்சி பாத்தேன், இனிச்சிது. இனிக்கிதுன்னு தெரிஞ்சும் மேல ஒரு கரண்டி போட்டேன் பாரு, அது எம் பேராசை. நெறைய நுரைக்கணும்னு. அதுக்கு உள்ளதுதான் கெடச்சிது. உன்னயும் மாட்டி விட்டுருப்பேன், நல்ல வேள."

அவன் மனைவி ஜெசிந்தா காப்பியோடு வந்தாள். "இவுக இத சொல்லாத நாளு கெடையாது அண்ணே," என்றாள். "கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல கூட இதத்தான் சொல்லுவாகளாம். நீங்க அன்னைக்கு வேண்டாம்னுதான் சொல்லியிருப்பீக. இவுக யாரு பேச்ச கேட்டாக?"

பதினாறு வருஷமாக என் பாவத்தை அவன் கோயிலில் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் அந்தக் காப்பியை வாங்கிக் குடித்தேன். மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள், அதையும் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனே வந்து வழியனுப்பினான், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

உனக்கு என்ன புத்தி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஈஸ்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். தப்பு செய்யாதே என்று சொன்னால் நடக்காது, எல்லாரும் செய்வோம். டெஸ்ட் பண்ணவில்லை என்றால் பண்ணவில்லை என்று சொல். நீ போட்டிருந்தால் நான்தான் போட்டேன் என்று சொல். உன் கூட்டாளி கரண்டியைக் கையில் எடுக்கும்போதே சொல். யாருக்காவது அடிபட்டால் ரூம் நாறட்டும், போலீஸ் வரட்டும், நீ ஊருக்கே திரும்பி வந்தாலும் பரவாயில்லை, முதலில் வண்டியைக் கூப்பிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் அது இன்னும் கனமாகும். பிறகு உன்னால் தூக்கவே முடியாது. என்னைப் பார்.

துரைக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு நீளமில்லை, நாலே வரி. டெஸ்ட் பண்ணவில்லை, சீனி நான் போட்டேன், நீ போடும்போது பார்த்துக்கொண்டிருந்தேன், அரை மணி நேரம் என்று சொல்லி உன் கண்ணைப் போக்கினேன். கவரில் வைத்து ஒட்டி, விலாசம் எழுதி, தபால் பெட்டி வரைக்கும் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அவனால் இப்போது எழுத்தைப் படிக்க முடியாது. யார் எழுதினாலும் ஜெசிந்தாதான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்.

அப்பா